உற்றது உரைத்தல்: நோயாளியின் விடையும் பொது நியமமும்

வைத்தியசாலைக் குறிப்பேடுகளில் நோயாளியைப் பற்றிய செய்திகள் நிறைய உண்டு. நோயாளி சொன்ன செய்திகள் மிகச் சிலவே. உடல் வெப்பம், இரத்த அழுத்தம், குருதிப் பரிசோதனை முடிவு என்பன கருவிகளால் அளக்கப்பட்டு அங்கு இடம்பெறுகின்றன. நோ எவ்வளவு, உறக்கம் வந்ததா, படியேற முடிகிறதா, மனம் எவ்வாறிருக்கிறது என்பன நோயாளி ஒருவரே அறிந்தவை. ஆயினும், அவை குறிப்பேட்டை அடையும்போது மருத்துவரின் வாய்மொழியாக மாறிவிடுகின்றன. 'நோயாளி நலமாக உள்ளார்' என்ற வாக்கியத்தில் எழுவாய் நோயாளியே எனினும் கூற்று மருத்துவருடையது.

இக்குறையை நீக்கும் முயற்சியாகவே 'நோயாளி தெரிவிக்கும் விளைவுகள்' என்னும் கருத்து வலுப்பெற்றது. சிகிச்சையின் விளைவாக உடலும் மனமும் அன்றாட வாழ்வும் எவ்வாறுள்ளன என்பதை நோயாளியிடமே கேட்டுப் பதிவு செய்தல் இதன் சாரமாகும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2009 டிசெம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, மருத்துவரோ வேறெவருமோ பொருள்கோடல் செய்யாது நோயாளியிடமிருந்து நேரடியாக வரும் கூற்று என இதனை வரையறுத்தது. இன்று இக்கூற்றுக்கள் கணினி வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் சேகரிக்கப்படுகின்றன. பல நிறுவனங்களுக்கும் பொதுவான தரவு நியமங்களின்படி ஒழுங்குபடுத்தப்படுகின்றன. இவ்வேற்பாடு நோயாளியின் குரலைக் கேட்கச் செய்கிறதா, அன்றி அதனைச் சேமித்து வைப்பதோடு நின்றுவிடுகிறதா என்பது ஆராயத்தக்கதாகும்.

சிகிச்சை முடிந்தபின் நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதே ஒருகாலத்தில் மருத்துவ உலகிற்கு உவப்பற்ற செயலாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொஸ்ரன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்ணஸ்ற் கொட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து அவர் வீடு திரும்பிய பின்னரும் தொடர்ந்து விசாரித்து, சிகிச்சையின் இறுதி விளைவைப் பதிய வேண்டும் என வற்புறுத்தினார். அவ்விளைவுகள் யாவருமறிய வெளியிடப்பட வேண்டும் என்றும் வாதாடினார். சக மருத்துவரின் எதிர்ப்புக்கு ஆளான அவர் 1914 இல் மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலைப் பதவியைத் துறந்தார். கொட்மனின் முயற்சி துணிச்சலானது என்பதில் ஐயமில்லை. எனினும் அவரது அட்டையிலும் விளைவைத் தீர்மானித்து எழுதியவர் மருத்துவரே. 1949 இல் புற்றுநோயாளருக்கென வகுக்கப்பட்ட கார்ணோவ்ஸ்கி அளவுகோலும் அத்தகையதே. நூறு முதல் பூச்சியம் வரை பத்துப் பத்தாக இறங்கும் அவ்வளவில் நோயாளியின் செயலாற்றல் மதிப்பிடப்படுகிறது, மதிப்பிடுபவர் மருத்துவர்.

நோயாளியின் சொல்லையே ஆய்வுப் பொருளாக்கியவர்களுள் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் றொனால்ட் மெல்சாக் முக்கியமானவர். நோவை 'மிகுதி', 'குறைவு' என்று மட்டும் கேட்டால் போதாது, அது எத்தகைய நோ என்றும் கேட்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 1975 இல் அவர் வெளியிட்ட வினாக்கொத்து, நோவைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து நோயாளியின் முன் வைத்தது. நோவைக் குறிக்கும் சொற்களைத் திரட்டி வகுத்தமையால் இது மருத்துவத்திற்கு மட்டுமன்றி மொழி ஆய்வுக்கும் உரிய ஆக்கமாகிறது. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, குடைச்சல், இழுப்பு, விறைப்பு எனத் தமிழர் பகுத்து வழங்கும் சொற்களை எண்ணிப் பார்ப்போர்க்கு அவரது முயற்சியின் நியாயம் எளிதில் விளங்கும்.

பின்னர் எழுந்த வினாக்கொத்துக்கள் சொற்களிலிருந்து எண்களை நோக்கி நகர்ந்தன. 1992 இல் வெளியான எஸ்.எப்.-36 முப்பத்தாறு வினாக்களைக் கொண்டது. 1987 இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் கூடி அமைத்த யூரோகோல் குழுவின் வினாக்கொத்து இன்னும் சுருக்கமானது. நடமாட்டம், தன்னைத்தான் பராமரித்தல், வழமையான செயல்கள், நோ அல்லது அசௌகரியம், பதகளிப்பு அல்லது மனச்சோர்வு என்னும் ஐந்தே கூறுகளை அது வினவுகிறது. தொடக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் இருந்தமையால் 243 நலநிலைகள் கிடைத்தன. பின்னர் படிகள் ஐந்தாக்கப்பட்டபோது அவை 3125 ஆயின. மனித உடல்நிலை முழுவதும் இவ்வெண்ணிக்கையுள் அடங்கும் என எவரும் கருதுவதில்லை. ஆயினும் ஒப்பிடுவதற்கு எல்லை வேண்டும் என்பதால் இச்சுருக்கம் ஏற்கப்பட்டது.

ஒப்பீடு என்ற தேவையே பொது நியமத்தையும் கொண்டு வந்தது. ஒரு வைத்தியசாலையின் கணினி 'நோ' என்றும், மற்றொன்றின் கணினி 'வேதனை' என்றும், மூன்றாவது வெறும் எண்ணாகவும் பதிவு செய்தால் அம்மூன்றையும் ஒருங்கு சேர்த்தல் இயலாது. நோயாளி ஊர் மாறும்போது முன்னர் அவர் சொன்னவை பின்தங்கிவிடுகின்றன. புதிய இடத்தில் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியவராகிறார். இத்தடையைக் களைவதற்கு இரு வகை உடன்பாடுகள் வேண்டப்பட்டன. முதலாவது, எதனை எப்பெயரால் குறிப்பது என்பது. இந்தியானாபோலிஸ் நகரின் றீஜன்ஸ்ரிறீவ் நிறுவனம் 1994 இல் தொடங்கிய 'லொயின்க்' என்னும் குறியீட்டுத் தொகுதி, முதலில் ஆய்வுகூடப் பரிசோதனைகளுக்கும் பின்னர் வினாக்கொத்துக்களுக்கும் அவற்றின் தனித்தனி வினாக்களுக்கும் நிலையான எண்களை வழங்கிற்று. எடுத்துக்காட்டாக, மனச்சோர்வை அளவிடப் பரவலாக வழங்கும் ஒன்பது வினாக்களைக் கொண்ட பீ.எச்.கியூ.-9 என்னும் வினாக்கொத்துக்கு 44249-1 என்பது எண். அதன் கூட்டுத்தொகைக்கு 44261-6 என்பது எண்.

இரண்டாவது உடன்பாடு, அச்செய்தியை எவ்வடிவிற் கட்டி அனுப்புவது என்பது. 2011 இல் அவுஸ்திரேலியரான கிறேயம் கிறீவ் முன்மொழிந்து, எச்.எல்.7 என்னும் நியம அமைப்பினால் வளர்த்தெடுக்கப்பட்ட 'ஃபயர்' நியமம் இதற்கு உரியது. இந்நியமம் வினாக்கொத்தை ஒரு பொருளாகவும், அதற்கு ஒருவர் அளித்த விடைத்தொகுதியை வேறொரு பொருளாகவும் பிரித்து வைக்கிறது. விடைத்தொகுதி எந்த வினாக்கொத்துக்கு உரியது, எப்போது அளிக்கப்பட்டது என்பவற்றுக்கும் அங்கே இடமுண்டு. இலக்கிய மாணவர் கவனத்துக்குரிய இன்னொன்றும் அதில் உண்டு. விடை யாரைப் பற்றியது, அதனைப் பதிவு செய்தவர் யார், அதனைச் சொன்னவர் யார் என்னும் மூன்றுக்கும் அந்நியமம் மூன்று வேறு இடங்களை ஒதுக்கியுள்ளது. அகப்பாடலைக் கற்பவர் முதலில் கேட்கும் 'கூற்று யாருடையது?' என்ற வினாவையே பொறியியலாளரும் கேட்டிருக்கின்றனர். தாயின் நோவை மகள் சொன்னாளா, தாதி பதிந்தாளா, தாயே சொன்னாளா என்ற வேறுபாடு இதனால் காக்கப்படலாம். ஆனால் அம்மூன்று இடங்களையும் நிரப்புவது நியமத்தின்படி கட்டாயமன்று. சொன்னவர் யார் என்பது வெறுமையாக விடப்பட்ட விடையும் ஏற்புடைய விடையாகவே பயணம் செய்யும். வரையறையின் உயிர்நிலையாகிய 'நோயாளியிடமிருந்து நேரடியாக' என்ற நிபந்தனை, நடைமுறையில் படிவத்தை அமைப்பவரின் அக்கறையை நம்பியே நிற்கிறது.

வரையறையின் மற்றைய பகுதியும் ஆராயப்பட வேண்டியது. எவரும் பொருள்கோடல் செய்யாத கூற்று என்று அது சொல்கிறது. விடை வந்தபின் எவரும் அதனைத் திரிப்பதில்லை என்ற அளவில் இது மெய்யே. ஆனால் பொருள்கோடல் விடைக்கு முன்னரே, வினா எழுதப்பட்ட மேசையில் நிகழ்ந்துவிடுகிறது. எவற்றைக் கேட்பது, எவற்றை விடுவது, விடைகளாக எவற்றை அனுமதிப்பது என்பனவற்றைத் தீர்மானித்தவர் நோயாளி அல்லர். எஸ்.எப்.-36 வினாக்கொத்து, நடுத்தரமான உடலுழைப்புக்கு எடுத்துக்காட்டாக மேசையை நகர்த்துதல், தூசு உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளுதல் என்பவற்றோடு கொல்ஃப் விளையாட்டையும் குறிப்பிட்டது. அது அமெரிக்க நடுத்தர வகுப்பின் வாழ்வை அடியொற்றிய வினா. பிறமொழிகளில் அதனை ஆக்கியோர் அவ்வந்நாட்டு வழக்குக்கேற்ற செயல்களைத் தேட வேண்டியவராயினர். மாற்றிய பின்னரும் அது அதே வினாவா என்ற கேள்வி எஞ்சுகிறது.

வினாவும் விடையும் பற்றித் தமிழ் இலக்கணம் கூறுவது இவ்விடத்து நினைக்கத்தக்கது. பவணந்தியாரின் நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவற்றுள் முதல் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. 'ஆடுவாயா?' என்று கேட்டவனுக்கு 'ஆடுவேன்' என்பது நேர்விடை. 'ஆடேன்' என்பது மறைவிடை. 'கால் நோகிறது' என்பது உற்றது உரைத்தல். 'கால் நோகும்' என்பது உறுவது கூறல். இவ்விரு விடைகளுக்கும் பாடநூல்கள் உடல் நோவையே எடுத்துக்காட்டாகத் தருவது தற்செயலன்று. துன்புறும் மனிதர் இயல்பாக விடையளிக்கும் முறை அதுவே. தெரிவு விடைகளைக் கொண்ட படிவம், எட்டனுள் நேரையும் மறையையும், அவற்றுக்கிடையிலான படிகளையும் மட்டும் ஏற்கிறது. 'படியேற முடிகிறதா?' என்ற வினாவுக்கு, 'மகன் வீட்டில் இருந்தால் ஏறுவேன்' என்று சொல்ல விரும்பும் முதியவர் ஐந்து கட்டங்களுள் ஒன்றிற் குறியிட்டுவிட்டு அமைகிறார். அவர் சொல்லாது விட்டதே அவரது நிலையை நன்கு விளக்கியிருக்கும்.

விடைகள் கூட்டப்படும்போது இழப்பு மேலும் பெரிதாகிறது. மேலே குறிப்பிட்ட மனச்சோர்வு வினாக்கொத்தின் ஒவ்வொரு வினாவுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி உண்டு. கூட்டுத்தொகை 27 வரை செல்லும். இறந்துவிடுதல் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்தும் எண்ணமோ உண்டா என்பது ஒன்பதாவது வினா. இருவர் ஒரே கூட்டுத்தொகையாகப் பத்தைப் பெறலாம். ஒருவர் அந்த ஒன்பதாவது வினாவில் பூச்சியமும் மற்றவர் மூன்றும் பெற்றிருத்தல் கூடும். கூட்டுத்தொகை மட்டும் அனுப்பப்படுமாயின், நியமம் சிறிதும் பிழைக்காத அவ்வனுப்புகையில் அம்மற்றவரின் அபயக்குரல் மறைந்துபோகும். தனித்தனி வினாக்களுக்கும் குறியீட்டெண்கள் வழங்கப்பட்டிருப்பதன் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. இவ்வகையில் நியமம் குற்றவாளியன்று. நியமம் தரும் வசதியை முழுமையாகப் பயன்படுத்தாமையே குற்றமாகும்.

மொழியின் பிரச்சினை இதனிலும் நுட்பமானது. 'வருத்தம்' என்ற சொல் இலங்கைத் தமிழரின் பேச்சில் நோயைக் குறிக்கும். தமிழகத்தில் அது மனத்துயரையே பெரிதும் குறிக்கும். தொல்காப்பியம் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களாகப் பிணியையும் வருத்தத்தையும் வேறுவேறாக எண்ணுகிறது. மனச்சோர்வு பற்றிய வினாவொன்றில் இச்சொல் இடம்பெற்றால், சென்னையில் ஒருவர் மனநிலைக்கும் யாழ்ப்பாணத்தில் ஒருவர் உடல்நோய்க்கும் விடையளிப்பர். இரு விடைகளும் ஒரே குறியீட்டெண்ணுடன் ஒரே களஞ்சியத்திற் சேரும். மொழிக் குறியீட்டில் தமிழுக்கான குறியோடு நாட்டின் குறியையும் சேர்த்து எழுத இடமுண்டு. எனவே வேறுபாட்டைக் குறித்து வைக்க நியமம் வழி தருகிறது. ஆனால் வேறுபாடு உண்டு என்பதைக் கண்டறிதல் இயந்திரத்தின் பணியன்று. மொழிபெயர்த்து, அதனை மூலமொழிக்கு மீளப் பெயர்த்து, பின் நோயாளர் சிலரிடம் 'இவ்வினாவிலிருந்து என்ன விளங்கிக்கொண்டீர்கள்?' என்று வினவிப் பார்க்கும் முறை இதற்கென உள்ளது. அது மெதுவானது, செலவு மிக்கது. ஆயினும் தவிர்க்க முடியாதது. வினாக்கள் பொது மொழியில் இருப்பதனாலேயே பொருள் பொதுவாகிவிடுவதில்லை.

எண்ணுக்கு மதிப்பளிப்பவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும். யூரோகோல் வினாக்கொத்தின் ஐந்து விடைகளும் ஒரே பெறுமானமாக மாற்றப்படும்போது, பூரண நலம் ஒன்று எனவும் மரணம் பூச்சியம் எனவும் கொள்ளப்படுகின்றன. பிரித்தானியாவில் பொதுமக்களிடம் நடத்தப்பட்டு 1997 இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஐந்து கூறுகளிலும் மிக மோசமான நிலையின் பெறுமானம் −0.594. மரணத்திலும் கீழான வாழ்வு என்பது அதன் பொருள். அவ்வாறு மதிப்பிட்டோர் அந்நிலையைக் கற்பனை செய்து பார்த்த பொதுமக்கள். அந்நிலையில் வாழ்வோர் அல்லர். நோயாளி தமது நிலையைச் சொல்கிறார். அந்நிலை எவ்வளவு பெறும் என்பதைப் பிறர் சொல்கின்றனர். பொதுப்பணத்தைப் பங்கிடுவதற்குப் பொதுமக்களின் கருத்து வேண்டும் என்னும் வாதத்தில் நியாயமுண்டு. எனினும் அவ்வெண்ணை 'நோயாளியின் குரல்' என்று வழங்குவது பொருந்தாது.

இவ்விமர்சனங்கள் காரணமாக இம்முறையையே ஒதுக்கிவிடுதல் தகுமா என்பது அடுத்த வினா. தகாது என்பதற்கு வலுவான சான்று நியூயோர்க் நகரின் மெமோரியல் சுலோன் கெற்றறிங் புற்றுநோய் நிலையத்தில் ஈதன் பாஷும் குழுவினரும் நடத்திய ஆய்விற் கிடைக்கிறது. முற்றிய புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்ற 766 நோயாளர் அதிற் பங்கேற்றனர். ஒரு சாராரிடம் பன்னிரண்டு அறிகுறிகள் பற்றிக் கணினி வழியாகத் தொடர்ந்து வினவப்பட்டது. நிலை மோசமானால் தாதிக்கு மின்னஞ்சல் சென்றது. மற்றைய சாரார் வழமைபோலக் கவனிக்கப்பட்டனர். 2016 இல் வெளியான முடிவின்படி, வாழ்க்கைத்தரம் மேம்பட்டோர் முதற் சாராரில் நூற்றுக்கு 34 பேர். மற்றைய சாராரில் 18 பேர். 2017 இல் வெளியான முடிவின்படி உயிர்வாழ்வின் இடைநிலைக் காலம் முறையே 31.2 மாதங்களும் 26.0 மாதங்களுமாகும். பின்னர் 52 சிகிச்சை நிலையங்களில் 1191 நோயாளரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2022 இல் வெளிவந்தபோது, உடற்செயற்பாடும் அறிகுறிக் கட்டுப்பாடும் மேம்பட்டமை உறுதியாயிற்று. ஆனால் 2025 இல் வந்த இறுதி முடிவு உயிர்வாழ்வுக் காலத்தில் வேறுபாட்டைக் காட்டவில்லை. எனவே ஆயுள் நீடிப்பு பற்றி நிதானமாகவே பேச வேண்டும். துன்பம் குறைந்தது என்பதை மறுக்க இயலாது.

சுருங்கிய, கட்டங்களால் ஆன, எண்ணிட்ட வினாக்களே இந்நன்மையை விளைத்தன என்பது கவனிக்கத்தக்கது. நோயாளி தம் கதையை விரிவாகச் சொல்லும் சந்தர்ப்பமே உயர்ந்தது என்று கருதுவோர், அத்தகைய சந்தர்ப்பம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது என்பதைச் சிந்திப்பதில்லை. நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில் சில நிமிடங்களே கிடைக்கும். அவ்வேளையில் நாணம் காரணமாகவோ மருத்துவர்பால் உள்ள அச்சம் காரணமாகவோ சொல்லாது விடப்படும் வயிற்றோட்டத்தையும் ஓங்காளத்தையும் படிவம் தயக்கமின்றிக் கேட்கிறது. வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்க்கு ஒரு கட்டம் உதவியாகிறது. மேலும், அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தின் அறிகுறி வினாக்கொத்து, பட்டியலில் இல்லாத அறிகுறிகளை நோயாளி தம் சொல்லில் எழுதவும் இடம் வைத்துள்ளது. ஃபயர் நியமமும் கட்டற்ற உரையை விடையாக ஏற்கிறது. உற்றது உரைத்தலுக்கு இடமில்லை என்பது நியமத்தின் குறையன்று. அவ்விடத்தைத் திறந்து வைக்காத படிவத்தின் குறையே.

எனின், ஒரு முறைமை நல்லதா அன்றா என்பதை எதனைக் கொண்டு தீர்மானிப்பது? நன்னூல் விடையை மட்டுமன்றி வினாவையும் வகுத்துள்ளது. அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என வினா ஆறு வகைப்படும். 'பயறு உளதா வணிகரே?' என்பது கொளல் வினா, பெறுதற்பொருட்டுக் கேட்பது. 'சாத்தனுக்கு ஆடை இல்லையா?' என்பது கொடை வினா, கொடுத்தற்பொருட்டுக் கேட்பது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2009 ஏப்பிரலில் தொடங்கிய திட்டம், இடுப்பு மூட்டு மாற்றம், முழங்கால் மூட்டு மாற்றம், அரைக் குடலிறக்கம், நாளப்புடைப்பு ஆகிய நான்கு சத்திரசிகிச்சைகளுக்கும் முன்னும் பின்னும் நோயாளரிடம் வினாக்கொத்து நிரப்பச் செய்தது. வைத்தியசாலைகளை ஒப்பிடுதல் அதன் பிரதான நோக்கம். பின்னிரண்டும் 2017 ஒக்டோபருடன் நிறுத்தப்பட்டன. பயனுள்ள திட்டமே எனினும், மாதங்கள் கழித்து நிரப்பிய படிவத்தில் 'இன்னும் நோகிறது' என்று எழுதியவருக்கு அப்படிவம் மறுமொழி சொல்வதற்காக அமைந்ததன்று. அது கொளல் வினா. நியூயோர்க் ஆய்விலோ, வினாவின் மறுமுனையில் ஒரு தாதி இருந்தார். விடை மோசமாயின் அவர் செயற்பட்டார். அங்கு அதே வகைப் படிவம் கொடை வினாவாயிற்று. இருவகை வினாவுக்கும் ஒரே குறியீட்டெண்ணும் ஒரே அனுப்புகை வடிவமும் பொருந்தும். எனவே இவ்வேறுபாட்டை நியமத்தினுள் தேடிக் காண முடியாது. வினாவுக்குப் பின்னால் நிற்கும் மனிதரிடமே அதனைக் காண முடியும்.

தரவின் தூய்மையையும் அது தடையின்றிப் பயணம் செய்வதையும் மட்டும் வெற்றியாகக் கொள்ளும் மதிப்பீடு இவ்வகையிற் குறைபாடுடையது. சொன்னவர் யார் என்பது பதியப்பட்டதா, அவருடைய மொழியில் வினா சோதிக்கப்பட்டதா, தம் சொல்லில் எழுத அவருக்கு இடமிருந்ததா, அவர் சொன்னதைப் படித்து மறுமொழி கூற ஒருவர் பொறுப்பேற்றாரா என்ற நான்கும் அவற்றோடு கேட்கப்பட வேண்டும். முதல் மூன்றுக்கும் பொது நியமம் துணைசெய்யும். நான்காவதற்குத் தாதியரின் நேரமும் சம்பளமும் வைத்தியசாலையின் மனமும் வேண்டும். நோவுற்றவரிடம் வினவுவது ஒரு வாக்குறுதியும் ஆகும். விடையைப் பெற்றுக்கொண்டு வாளாவிருக்கும் முறைமை, வினவாதிருந்த பழைய குறிப்பேட்டிலும் நேர்மை குறைந்ததாகும்.